ஒரே நிமிடத்துப் பில்கள்

ஜெபகனியோடு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அவளோடு ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் மனுஷனுக்கு ஆயுசு குறைந்துவிடும். கடைக்காரர் கிளாஸைக் கழுவினாரா என்று எட்டிப் பார்ப்பாள். டீயை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். அப்புறம் என் கிளாஸையும் எட்டிப் பார்த்து, "ஒங்களுக்கு மட்டும் திக்கா போட்டிருக்கான், கவனிச்சீங்களாண்ணே?" என்பாள். நான் கவனித்ததில்லை. டீ சூடாக இருந்தால் எனக்குப் போதும்.

உடன்குடியிலிருந்து கருப்பட்டி வந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டு, சீனி கலந்திருக்கிறதா என்று உட்கார்ந்து பார்ப்பாள். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் தராசு இல்லாமல் அவள் தெருவுக்குள் வருவதில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த எஸ்றா, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் என்று சொல்லிவிட்டுப் போனான். இவள் மறுநாளே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அட்மிஷன் விசாரிக்க வந்ததாகச் சொல்லி, ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவன் நிஜமாகவே கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். கணக்கு சரியா என்றும் பார்த்துவிட்டுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாளாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் போதகர் ஐயர் கையால் கொடுக்கும் திருவிருந்து அப்பத்தைத் தவிர வேறு எதையும் அவள் கேள்வி கேட்காமல் வாயில் போட்டதில்லை என்று எஸ்றாவே சொல்லிச் சிரிப்பான்.

இதற்குப் பின்னால் ஏதோ சோகக் கதை இருக்கும் என்று தேடாதீர்கள். அவளை யாரும் ஏமாற்றியதில்லை. ஏமாற்ற அவள் விட்டால்தானே! தொட்டில் பழக்கம், அவ்வளவுதான்.

எங்கள் அலுவலகம் பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறோம். முதலாளி கிருபைராஜ் சார். எழுதுவது ஜெபகனி. பைக்கில் கடை கடையாகப் போய் நிறுவிக் கொடுப்பது நான், தில்லைநாயகம். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் திட்டுவார்கள்.

எங்கள் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கல்யாண வீட்டில் சமைக்கிற தவசிப்பிள்ளை உப்பு வாங்கக் கடைக்குப் போவதில்லை. அடுப்படியிலிருந்தே "உப்பு!" என்று சத்தம் கொடுப்பார். சாமான் அறையில் இருக்கிறவர் எடுத்துக் கொடுப்பார். எங்கள் மென்பொருளும் அதே மாதிரிதான். பில் போடும் பகுதி தனக்கு வேண்டிய எதையும் தானே உண்டாக்கிக்கொள்ளாது. பிரிண்டர் வேண்டும், கடிகாரம் வேண்டும் என்று கேட்கும். கன்டெய்னர் என்று ஒன்று நடுவில் இருந்து எடுத்துக் கொடுக்கும். எதைக் கொடுப்பது என்று கான்ஃபிக் கோப்பில் எழுதியிருக்கும். ஒரு கடைக்கு மட்டும் தனியாக ஏதாவது வேண்டுமா? அந்தப் பொருளைத் தனியாகச் செய்து, அந்தக் கடையின் கான்ஃபிக்கில் அதன் பெயரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. மென்பொருளைத் தொடவே வேண்டாம். கேட்ட பகுதிக்கு, தன் கையில் வந்தது யார் செய்தது என்று தெரியாது.

இந்த ஏற்பாடு ஜெபகனிக்கு ஆகவே ஆகாது.

"அதென்ன சார், எவன் எதக் குடுத்தாலும் வாங்கிக்கிடுமாக்கும்? குடுத்தது யாருன்னு கேக்காதா?"

"கேக்காம இருக்கிறதுதாம்மா இதுல வசதியே" என்பார் சார்.

டவுனில் சிவசைலம் அண்ணாச்சியின் மருந்துக்கடை எங்களுடைய பழைய வாடிக்கை. அண்ணாச்சி நேரம் காலம் பார்க்கிறவர். ஆனால் நோய் நொடி ராகு காலம் பார்த்து வருமா? அதனால் கடையை மூடமாட்டார். அவர் மட்டும் அந்த ஒன்றரை மணி நேரம் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆட்கள் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கடையில் அக்தர் பானு மருந்தாளுநர். மேலப்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்த ஒரு வேலையில்தான் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவள் போட்டோ ஒட்டிய பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டு கடைச் சுவரில் தொங்கும். தூக்க மாத்திரை, நரம்பு மாத்திரை வைத்த பூட்டு அலமாரியின் சாவி அவளிடம் மட்டும்தான் இருக்கும். அந்த அலமாரிக்கு மேலே அண்ணாச்சி போன வருஷம் ஒரு கேமரா வைத்தார். அது போதாது என்று, அலமாரி திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதற்குப் பில் விழுந்ததா என்று ஒத்துப் பார்க்க மென்பொருளில் வழி வேண்டும் என்று கேட்டார்.

ஜெபகனிக்கென்றே கடவுள் அனுப்பிய வேலை. சாப்பாட்டைக்கூட மறந்து எழுதினாள். அது கேமராப் படத்தையும் பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்தாத இடத்தில் சிவப்புக் கோடு போடும். நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்தோம். அவளுக்கு அந்தப் பெயரில் உள்ளூரப் பெருமைதான்.

முதல் வாரமே மாமியார் சிவப்பாகக் கோடு கோடாகப் போட்டுத் தள்ளிவிட்டாள். தினமும் ஏதோ ஒரு நேரத்தில் பானு அலமாரியைத் திறந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள், பில்லே இல்லை. ஆனால் அதற்குச் சற்று முன்னால், ஒரே ஒரு நிமிடத்தில் பில்கள் குவியலாக விழுந்திருக்கின்றன. ஒரு நாள் பதினொன்று. எல்லாம் பானு பெயரில். சரக்கு இருப்பு மட்டும் துல்லியமாக இருந்தது. அதுவே ஜெபகனிக்குப் பெரிய சந்தேகமாகப் போய்விட்டது.

"பொய் மருந்துச் சீட்டுக்கு மொத்தமா பில்லப் போட்டு வச்சிட்டு, பொறவு போதைக்குக் கேக்குறவன் வர வர எடுத்துக் குடுக்கா அண்ணாச்சி. இருப்பு எப்பிடிக் குறையும்?"

இதை அவள் சொன்னபோது நானும் கடையில் இருந்தேன். பானுவைக் கூப்பிட்டார்கள். அவள் திரையைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"பில்லு நான் போட்டதுதான் மொதலாளி. ஆனா இந்த நேரத்துல போடல. ஆளு வந்து நிக்கும்போது அங்கனயே போட்டுத்தான் குடுத்தேன். அல்லா மேல ஆணையா."

"அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதுங்கியளா?" என்றாள் ஜெபகனி.

 பானு சாவியை மேசையில் வைத்துவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்: "வெள்ளிக்கிழமை மத்தியானம் மருந்து ஆபீசர வரச் சொல்லியிருக்கேன். வந்து ஒன் சான்றிதழ அவுககிட்ட ஒப்படைச்சிட்டுப் போ. கள்ளிய வச்சிக்கிட்டு நான் கடை நடத்த முடியாது." கடையில் மருந்து வாங்க நின்றவர்களெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

சான்றிதழ் போனால் பானு எந்த மருந்துக்கடையிலும் நிற்க முடியாது.  பாலத்தைத் தாண்டி வரும்போது பைக்கை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கத்தினேன்.

"ஊரையே சந்தேகப்படுதியே, ஒம் மாமியாள மட்டும் எப்பிடிட்டி நம்புன?"

ஜெபகனி கோபப்படுவாள் என்று பார்த்தேன். அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 

மறுநாள் நான் அலுவலகத்துக்குப் போனபோது அவள் பழைய மருந்துச் சீட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு பில் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். எதிரில் செல்போனில் நிமிடம் ஓடுகிறது.

"நிமிஷத்துக்கு நாலு பில்லுக்கு மேல ஆகலண்ணே" என்றாள். "டாக்டர் பேரு, நோயாளி பேரு எல்லாம் அடிக்கணும்லா. பானு கள்ளியாவே இருக்கட்டும். கள்ளிக்கும் கை ரெண்டுதான? ஒரு நிமிஷத்துல பதினொண்ணு எப்பிடிப் போட்டா?"

அங்கே பிடித்தது சனி. அடுத்த அரை நாள் அவள் சந்தேகப்படாத ஆள் இல்லை, பொருள் இல்லை. கேமரா விற்றவன், வயர் இழுத்தவன், கடைசியில் என்னையே திரும்பிப் பார்த்து, "நீங்க அங்கன போகும்போது எதையும் மாத்தி வச்சீங்களாண்ணே?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, போடி என்று எழுந்து போயிருப்பேன். ஆனால் அவள் முகம் சரியில்லை. பயந்துபோயிருந்தாள். தான் எழுதியது ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டதோ என்ற பயம். அவளை அப்படி நான் பார்த்ததே கிடையாது.

"இங்க போட்டா நேரம் சரியா விழுது. அங்க தப்பா விழுது. புரோகிராம் ஒண்ணுதான்" என்றாள். "வேற எது வேற?"

"கான்ஃபிக்" என்றேன் நான்.

பைக்கை எடுத்துக்கொண்டு போய், அண்ணாச்சி கடைக் கணினியில் இருந்த கான்ஃபிக்கையும் கூட இருந்த எல்லாவற்றையும் நகலெடுத்து வந்தேன். அவள் வரி வரியாகப் படித்தாள். எங்கள் மற்ற எல்லாக் கடைகளிலும் கடிகாரம் என்ற இடத்தில் சாதாரணக் கடிகாரம் என்று இருக்கும். இந்தக் கடையில் மட்டும் 'அமைதிவேளை' என்று இருந்தது.

"அமைதிவேளையா? அப்பிடி ஒண்ண நான் எழுதலியே."

கூடவே கிடந்த கோப்பைத் திறந்தாள். யாரோ தனியாகச் செய்து வைத்த கடிகாரம் அது. நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஓடாது. அந்த நேரம் முழுக்க, நின்றுபோவதற்கு முந்தைய நிமிடத்தையே சொல்லிக்கொண்டிருக்கும். பில் போடும் பகுதி கடிகாரம் கேட்டிருக்கிறது, கன்டெய்னர் இதை எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதுவும் வாங்கிக்கொண்டுவிட்டது. அந்த ஒன்றரை மணி நேரத்துப் பில்லெல்லாம் ஒரே நிமிடத்தில் போய்க் குவிந்திருக்கிறது. கேமராவுக்குத் தனிக் கடிகாரம், அது பாட்டுக்குச் சரியாக ஓடியிருக்கிறது.

"ஆனா இது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரத்துல நிக்குதேண்ணே. திங்கள் ஏழரைல இருந்து ஒம்பது. செவ்வாய் மூணுல இருந்து நாலரை. வெள்ளி பத்தரைல இருந்து பன்னண்டு. என்ன இது, கரண்ட் கட்டா?"

வேதக்கோயிலுக்குப் போகிற பிள்ளைக்கு எங்கே தெரியப்போகிறது? என் சம்சாரம் அந்த நேரத்தில் கடுகுகூட வாங்கமாட்டாள்.

"அட கூறுகெட்டவளே, இது ராகு காலம்லா!"

அவள் வாயைப் பிளந்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் கிருபைராஜ் சாரின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அண்ணாச்சி கடைக்குப் போட்டுக் கொடுத்த காலத்தில் இங்கே மென்பொருள் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். அமைதிவேளை என்பது அவர் வீட்டில் விடியற்காலையில் குடும்பத்தோடு ஜெபம் செய்யும் நேரத்துக்குப் பெயர்.

சார் மறைக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அண்ணாச்சிதாம்மா கேட்டாரு. கடைய மூட முடியாது, ஆனா ராகு காலத்து நேரம் பில்லுல அச்சாகக் கூடாதுன்னாரு. அது நம்ம மொத வியாபாரம். முடியாதுன்னு எப்பிடிச் சொல்ல? நான் சபைக் கமிட்டில செயலாளரு. ராகு காலத்துக்கு புரோகிராம் எழுதுனேன்னு தெரிஞ்சா என்ன ஆகும்? அதான் பேர மாத்தி, அவரு கடை கான்ஃபிக்ல மட்டும் சொருகி விட்டேன். நம்ம புரோகிராம்ல ஒரு எழுத்து கிடையாது, தேடிப் பாரு."

"ஆண்டவரு கான்ஃபிக்கப் படிக்கமாட்டாராக்கும் சார்?" என்றாள் ஜெபகனி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கு வரவில்லை.

"சத்தம் காட்டாம கடிகாரத்த மாத்திருவோம். ஏதோ கம்ப்யூட்டர் கோளாறுன்னு அண்ணாச்சிகிட்ட நான் பேசிக்கிடுதேன். பானுவ வேலைக்குத் திரும்ப எடுத்துக்கிடச் சொல்லுதேன். முடிஞ்சுபோச்சு."

"முடியாது சார். அப்பிடிச் சொன்னா, போனாப் போகுதுன்னு மன்னிச்சு விட்ட மாதிரி ஆயிரும். அவ தப்பே பண்ணலன்னு ஆகாது." என்றாள் ஜெபகனி. "கடிகாரம் கேட்டேன். குடுத்தத வாங்கிக்கிட்டேன். எவன் குடுத்தான்னு நான்கூடக் கேக்கல. அத வச்சு அவளப் பாத்து, கம்ப்யூட்டர் பொய் சொல்லுமான்னு கேட்டுட்டேன். எனக்குச் சோறு எறங்கல சார்."

சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிவாக்கில் நாங்கள் டவுன் கடைக்குப் போனோம். பானு முன்னாலேயே வந்து ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சுவரிலிருந்து கழற்றிய சான்றிதழ் மடியில் இருந்தது. ஜெபகனியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சி எங்கே என்றால், உள்ளறையில். கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் ஓடிக்கொண்டிருக்கிறதே!

என்ன கொடுமை பாருங்கள். அந்தக் கடிகாரம் பொய் சொல்வது ராகு காலத்தில் மட்டும்தான். அந்த நேரத்தில் அண்ணாச்சி வெளியே வரமாட்டார். அவர் வெளியே வரும்போது கடிகாரம் யோக்கியமாக ஓடும், ஆபீசரும் வந்துவிடுவார். வாயால் சொன்னால் நம்புகிற ஆளும் அவர் இல்லை. ஜெபகனி கதவைத் தட்டினாள்.

"பன்னண்டு ஆவட்டும்மா" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"பன்னண்டு ஆனாத் தெரியாது அண்ணாச்சி. இப்ப வந்தாத்தான் தெரியும்."

"இந்த நேரத்துல நான் ஒரு முடிவும் எடுக்கமாட்டேன்."

"முடிவு எடுக்க வேண்டாம். சும்மா சந்தேகப்பட வாங்க. அதுக்குமா நல்ல நேரம் பாப்பீய?"

நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். கதவு திறந்தது. "என்னவே சிரிப்பு?" என்று என்னை முறைத்துக்கொண்டே அண்ணாச்சி வந்தார். நெற்றியில் விபூதி ஈரம்கூடக் காயவில்லை.

ஜெபகனி அவரைக் கல்லா நாற்காலியில் உட்கார வைத்தாள். கூட்டத்தில் ஒருவர் தைலம் கேட்டார். "நீங்களே பில்லப் போடுங்க அண்ணாச்சி." அவர் முனகிக்கொண்டே, தன் பெயரில் பில் போட்டார். அடுத்தவர் இருமல் மருந்து கேட்டார். பைய எழுத்தைத் தேடித் தேடி அடித்தார். மூன்றாவது ஒரு கட்டுப் பஞ்சு. இதெல்லாம் முடியக் கால்மணி நேரம் ஆயிற்று. மருந்து வாங்க வந்தவர்கள் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"செவுத்துக் கடிகாரத்துல மணி என்ன அண்ணாச்சி?"

"பதினொண்ணேகால் தாண்டிட்டு. ஏன்?"

ஜெபகனி திரையை அவர் பக்கமும் கூட்டத்தின் பக்கமும் தெரிகிற மாதிரி திருப்பினாள். சிவசைலம் என்ற பெயரில் மூன்று பில்கள். மூன்றிலும் பத்து இருபத்தொன்பது என்று இருந்தது.

"உள்ள போய்க் கதவச் சாத்துன நேரத்துல, ஒரே நிமிஷத்துல மூணு பில்லு போட்டிருக்கீய. ஒங்கள என்ன சொல்லிக் கூப்பிட அண்ணாச்சி?"

அண்ணாச்சி திரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். ஜெபகனி ஒன்றையும் மறைக்காமல், கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னாள். ராகு காலத்தில் நிற்கும் கடிகாரம், அதைக் கேட்டது யார், செய்தது யார், அதை நம்பிப் பானுவைக் கள்ளி ஆக்கியது தான்தான் என்பது வரை.

"அச்சாகக் கூடாதுன்னுதான கேட்டேன்" என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கிவிட்டது. "அச்சாகல. எப்பிடி ஆகலன்னு நான் கேக்கலியே." பிறகு என்னிடம், "கிருபைராஜுக்குப் போனப் போடும்... வேண்டாம், பன்னண்டுக்கு மேல போடும்" என்றார். பானுவைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "நீயும் இரும்மா. பன்னண்டு ஆவட்டும். நல்ல நேரத்துல பேசிக்கிடுவோம்."

பானு ஸ்டூலிலிருந்து எழுந்தாள். சான்றிதழை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"என்னயக் கள்ளின்னு சொன்னது நல்ல நேரத்துலதான மொதலாளி?"

 அண்ணாச்சி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது. மெதுவாக எழுந்து கல்லாவைச் சுற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றார்.

"தப்பு எம் பேர்லதான் தாயி" என்றார். எல்லாரும் கேட்கச் சொன்னார். அவர் வாழ்நாளில் ராகு காலத்தில் சொன்ன முதல் பெரிய வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

சான்றிதழை அவரே வாங்கிச் சுவரில் மாட்டினார். ஆபீசருக்குச் சேதி போயிற்று, வரவேண்டாம் என்று. கிருபைராஜ் சார் அன்று முழுவதும் போனை எடுக்கவில்லை. ஜெபகனி பானுவிடம் போய் நின்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள். பானு, "வேல கெடக்குக்கா" என்று சாவியை வாங்கிக்கொண்டு அலமாரிப் பக்கம் போய்விட்டாள். ஜெபகனிக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது, நல்லா வேணும் என்றும் இருந்தது.

திங்கட்கிழமை சாதாரணக் கடிகாரத்தை எழுதிய புதுக் கான்ஃபிக்கோடு நாங்கள் போனோம். அண்ணாச்சி சம்மதித்துவிட்டார். பில்லில் நேரம் அச்சாகாமல் தேதி மட்டும் இருந்தால் போதும் என்றார். வேலையை முடித்துவிட்டு நிமிர்ந்தால், அலமாரிக் கதவுக்கு மேலே, கேமராவின் பார்வைக்கு நேராக, பச்சை விளிம்பு வைத்த ஒரு சின்னக் கடிகாரம் புதிதாகத் தொங்கியது. ஒவ்வொரு படத்திலும் அது விழும்.

"எங்க வீட்டுக் கடிகாரம்" என்றாள் பானு, மருந்தை அடுக்கிக்கொண்டே. "ஒங்க கம்ப்யூட்டருக்கு யாரு யாரோ என்னத்தயோ குடுப்பாக. எனக்கு இது இருக்கட்டும்."

ஜெபகனியின் இடது கை, பழக்கத்தில், தானாக மேலே வந்தது. பச்சைக் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பதற்குத்தான், வேறு எதற்கு? பானு அடுக்குவதை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்த்தாள்.

ஜெபகனி மணி பார்க்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, என்னைக்கூட எதிர்பார்க்காமல் படியிறங்கிப் போனாள்.